‘வாரிசுகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டியது’: வேலூர்க் கடைகளில் கிடைக்கும் ரெடிமேட் பார்ட்னர்ஷிப் பத்திரம் எப்படி?

வேலூரில் கோர்ட் பக்கம், ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் உள்ள டைப்பிங் சென்டர்களில் பார்ட்னர்ஷிப் பத்திரம் கேட்டால் அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், ஆதார், மூலதனம், லாபப் பங்கு விகிதம், இவ்வளவுதான் கேட்பார்கள். மீதி ஏழெட்டுப் பக்கம் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது. குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எங்கே போனாலும் பெரும்பாலும் இதே வார்ப்புதான். முத்திரைத்தாள் விலை தனி, டைப்பிங்குக்குச் சில நூறு ரூபாய்.

பேங்க் கணக்கு திறக்க, பான் கார்டு வாங்க, ஜிஎஸ்டி பதிவு எடுக்க இந்தப் பத்திரம் போதும். அந்த வேலைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பங்குதாரர் ஒருவர் இறந்த மறுநாள் இதே பத்திரத்தை எடுத்துப் படித்தால் ஐந்துக்கு ஒன்றுதான் தேறும். எட்டுப் பக்கத்தில் மரணத்தைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வாக்கியம். குடும்பங்கள் கோர்ட் படி ஏறுவதற்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருக்கிறது.

அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘பங்குதாரர்களில் எவரேனும் மரணமடைந்தால் கூட்டு கலையாது. மற்றவர்கள் தொடர்ந்து வியாபாரம் நடத்த வேண்டியது. இறந்தவருடைய வாரிசுகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டியது.’

முதல் பாதி அவசியமானது. 1932-ஆம் ஆண்டு பங்காண்மைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி, பங்குதாரர்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒருவர் இறந்ததும் ஃபர்ம் கலைந்துவிடும். கலையாது என்று எழுதி வைத்தால்தான் தொடரும். அந்த அளவில் வார்ப்பு தன் வேலையைச் செய்கிறது.

ஆனால் பங்குதாரர்கள் இரண்டே பேர் என்றால் அந்த வரி வெறும் மைதான். கூட்டு என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போனபின் மிச்சம் ஒருவர். அவர் யாரோடு கூட்டு? உச்ச நீதிமன்றம் 1965-இல் கோவிந்த்ராம் சுகர் மில்ஸ் வழக்கிலேயே இதைச் சொல்லிவிட்டது. 2010-இல் முகமது லாயிக்குதீன் வழக்கில், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் இருவர் ஃபர்ம் ஒருவர் மரணத்தோடு கலைகிறது, வாரிசு தானாகப் பங்குதாரர் ஆகிவிட மாட்டார் என்று மறுபடியும் உறுதி செய்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர், மாமன் மச்சான் இரண்டு பேர் என்று நடக்கும் கடைகள் லாங் பஜாரிலிருந்து வாலாஜா வரை எத்தனையோ உண்டு. அவர்களுக்கும் இதே வார்ப்பையே எடுத்துக் கொடுப்பதுதான் இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை. இருவரும் உயிரோடு இருக்கும்போதே மூன்றாவதாக ஒருவரைச் சிறு பங்குக்காவது சேர்ப்பதுதான் பரிகாரம். பங்கு சிறியதானாலும் ஃபர்ம் கடனுக்கு அவரும் முழுப் பொறுப்பு என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிச் சேர்க்க வேண்டும்.

இருவர் ஃபர்ம் கலைந்தால் நடைமுறையில் என்ன ஆகும்? மிஞ்சியவர் தனி முதலாளி. ஃபர்மின் பான் எண் அவருக்கு உதவாது. அவருடைய சொந்தப் பானில் புது ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். பழைய பதிவில் தங்கிய உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கட்டி இன்னும் கழிக்காத வரி) ஐடிசி-02 படிவம் மூலம் புதுப் பதிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஆடிட்டர் சான்று வேண்டும். பழைய பதிவை முதலில் ரத்து செய்துவிட்டுப் பிறகு இதற்கு அலைபவர்கள் அதிகம். வரிசை முக்கியம்: முதலில் புதுப் பதிவு, அடுத்து வரி மாற்றம், ரத்து கடைசியில்.

மூன்று பேர் அல்லது அதற்கு மேல் இருந்து ஃபர்ம் தொடர்ந்தால் பான் எண் அப்படியே இருக்கும். ஜிஎஸ்டியில் 15 நாளுக்குள் ஆர்இஜி-14 படிவத்தில் திருத்தம் போட வேண்டும். இங்கே ஒரு சின்னச் சிக்கல் எல்லோரையும் மடக்கிவிடுகிறது. கையெழுத்து அதிகாரம் இறந்தவர் ஒருவருக்கே இருந்தால் ஓடிபி அவருடைய கைபேசிக்குத்தான் போகும். துக்க வீட்டில் போய் போனைக் கேட்பது எத்தனை சங்கடம்! எந்த ஃபர்மிலும் இரண்டாவது கையெழுத்துதாரரை முதல் நாளே சேர்த்து வைக்க வேண்டும். வார்ப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது ‘வாரிசுகள்’ என்ற சொல். யார் யார்? இறந்தவர் இந்துவானால் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. தகப்பனார் அந்த வகுப்பில் வரமாட்டார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் வியாபாரக் குடும்பங்களில் முஸ்லிம் சட்டம் பேசும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய் தகப்பன் இருந்தால் தலைக்கு ஆறில் ஒன்று, மீதியில் மகளுக்கு ஒரு பங்கென்றால் மகனுக்கு இரண்டு. கிறிஸ்தவரானால் 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் என்றுதான் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதைக் காட்டி ‘எனக்குச் சரிபாதி’ என்று கேட்பது பொருந்தாது.

‘சேர்த்துக்கொள்ள வேண்டியது’ என்பது உயிரோடிருக்கும் பங்குதாரர்களைக் கட்டும். வாரிசுகளைக் கட்டாது, அவர்கள் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லையே. கூட்டு என்பது சம்மதத்தில் பிறப்பது. ஒரு மகள் வந்து ‘எனக்குக் கூட்டு வேண்டாம், எங்கப்பா பங்கைப் பிரித்துக் கொடுங்கள்’ என்றால் மறுக்க வழியில்லை. மனைவி, தாய், மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேரும் சேர வருகிறோம் என்றால் மூன்று பேர் ஃபர்ம் ஏழு பேர் ஃபர்மாகிவிடும். அந்த நிலையும் வார்ப்புக்குத் தெரியாது.

மைனர் பிள்ளையைத் தாயார் கையெழுத்தில் முழுப் பங்குதாரராகச் சேர்க்கும் பத்திரங்களும் இதே கடைகளில் டைப் ஆகின்றன. அது செல்லாது. பங்காண்மைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவுப்படி மைனரை லாபத்தின் பலனுக்கு மட்டும், எல்லாப் பங்குதாரர் சம்மதத்தோடும் சேர்க்கலாம். முழுப் பங்குதாரராகச் சேர்த்த பத்திரத்தை துவாரகாதாஸ் கேதான் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தப் பிள்ளை மேஜரான நாளிலிருந்தோ, தனக்கு இந்தப் பலன் உண்டென்று தெரிந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பொது அறிவிப்புக் கொடுத்து ‘இருக்கிறேன்’ அல்லது ‘விலகுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் பங்குதாரர் ஆகிவிடுவார்; பலனுக்குச் சேர்த்த நாளிலிருந்தே ஃபர்ம் பட்ட கடனுக்கும் பொறுப்பாகிவிடுவார். பதினெட்டு வயசுப் பையனின் தலையில் இது விழக்கூடாது.

இனி பணம். சண்டையின் வேர் இங்கேதான். வார்ப்பில் ‘கணக்குப் புத்தகத்தில் உள்ளபடி தொகையைக் கொடுக்க வேண்டியது’ என்று இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடியாத்தத்தில் ஒரு லுங்கி மொத்த வியாபாரம், சம பங்கில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். புத்தகப்படி சரக்கு 42 லட்சம், வரவேண்டிய பாக்கி 30 லட்சம், பல வருடம் முன்பு வாங்கிய குடோன் 6 லட்சம், ரொக்கமும் பேங்க் இருப்பும் 2 லட்சம். ஆக 80 லட்சம். ஓவர்டிராஃப்ட் (பேங்க் கடன்) 30, நூல் மற்றும் சரக்குக் கடன் 20. போக நிற்பது 30. தலைக்கு 10 லட்சம்.

அதே கடையை இன்றைய நிலவரத்தில் எண்ணினால்? ஓடாத டிசைன்களைக் கழித்துச் சரக்கு 38 லட்சம். வராக் கடன் போக பாக்கி 25. குடோன் இன்றைய விலையில் 90. ரொக்கம் 2. மொத்தம் 155, கடன் 50 போக 105 லட்சம். தலைக்கு 35 லட்சம். ஒரே கடை, ஒரே நாள், பத்துக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் 25 லட்ச ரூபாய் வித்தியாசம். பத்திரத்தில் மதிப்பீட்டு முறை எழுதியிருந்தால் இந்த வித்தியாசம் அந்த நாளிலேயே தீர்ந்துவிடும். எழுதாவிட்டால் ஒரு தரப்பு புத்தகத்தைக் காட்டும், மறு தரப்பு குடோனைக் காட்டும்.

இதில் நற்பெயரைச் சேர்க்கவே இல்லை, அதாவது குட்வில். கடைப் பெயருக்கென்று வாடிக்கையாளர் வருகிறார்கள் என்றால் அதுவும் ஃபர்மின் சொத்து. மரணத்தால் ஃபர்ம் கலையாது, மற்றவர்கள் தொடர்வார்கள் என்று எழுதியிருந்த ஒரு பம்பாய் ஃபர்மில், இறந்த பங்குதாரரின் குடும்பத்துக்குக் குட்வில்லிலும் பங்குண்டு என்று 1970-இல் குஷால் கேம்கர் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொடர்வார்கள் என்ற வரி இருந்தாலே குட்வில் தங்களுக்கென்று மிஞ்சியவர்கள் நினைப்பது தவறு. கொடுக்கப் போகிறீர்களா, எந்தக் கணக்கில், இல்லையா என்பதைத் தெளிவாக எழுத வேண்டும்.

கணக்கைத் தீர்க்காமலே வியாபாரத்தை ஓட்டினால் 37-ஆவது பிரிவு குறுக்கே வரும். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, இறந்தவர் தரப்பு இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: அவர் பங்கின் மீது வருடம் 6 சதவீத வட்டி, அல்லது அந்தப் பங்கைப் பயன்படுத்தியதால் வந்த லாபத்தின் பகுதி. மேலே சொன்ன கடையில் 35 லட்சத்துக்கு 6 சதவீதம் 2,10,000 ரூபாய். கடையின் வருட லாபம் 18 லட்சம், அதில் உழைக்கும் இருவருக்கு நியாயமான ஊதியமாக 6 லட்சம் கழித்தால் 12 லட்சம்; மூன்றில் ஒரு பங்கு 4 லட்சம் என்று வாதாடலாம். தேர்வு வாரிசு கையில் இருப்பதால் எதைக் கேட்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடும் ஒவ்வொரு வருடமும் மிஞ்சியவர்களுக்குத்தான் பாரம்.

தள்ளிப் போடுவது மறுபக்கத்தையும் கெடுக்கும். கலைந்த ஃபர்மின் கணக்குக் கேட்டு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் தருவது கலைந்த நாளிலிருந்து மூன்று வருடம். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்பார்கள். வருஷ திதி முடியட்டும் என்பார்கள். பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்பார்கள். மூன்று வருடம் இப்படியே ஓடிவிடும். மாதாமாதம் வீட்டுச் செலவுக்கென்று 15,000 ரூபாய் கையில் கொடுத்து வந்தால் அந்த அம்மாவும் நம்பிக்கையோடு இருப்பார். கொடுக்கும் பணம் லாபமா, முதலா, கைமாற்றா என்று ஒரு சீட்டுக்கூட இருக்காது. எந்தத் தரப்பானாலும் முதல் மாதத்திலேயே எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

தோல் தொழிலுக்கு இந்த வார்ப்பு இன்னும் பொருந்தாது. டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், சரக்கு ஒரே நிலையில் நிற்காது. உப்புத் தோல், ஊறலில் இருப்பது, வெட் ப்ளூ, கிரஸ்ட், ஃபினிஷ் என்று நிலைக்கு நிலை விலை வேறு. கச்சாத் தோலைத் துண்டுக் கணக்கில் எண்ணுவார்கள், ஃபினிஷைச் சதுர அடியில் அளப்பார்கள். ‘இருப்புச் சரக்கின் மதிப்பு’ என்று பொதுவாக எழுதினால் எந்த நிலையின் விலை என்று சண்டை வரும். ஊறலில் போட்ட தோலை நடுவில் நிறுத்தினால் அழுகும். ஆகவே தடையாணை, ரிசீவர் (கோர்ட் நியமிக்கும் பொறுப்பாளர்) என்று கோர்ட் வழியில் பூட்டுப் போட்டால் இரண்டு தரப்புக்கும் நஷ்டம். பத்திரத்தில், ஊறலிலும் டிரம்மிலும் உள்ள சரக்கை முடிக்கும் வரை வேலை நிற்காது, செலவு தனிக் கணக்கில் வரும் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் உள்ள பங்கு யார் பெயரில், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி எந்தப் பெயரில் என்பதையும் சொத்துப் பட்டியலில் எழுத வேண்டும். அந்தப் பங்கை நம்பி ஓடும் டேனரிக்கு அது இல்லாமல் மதிப்பே இல்லை.

நிலம் கட்டடம் விஷயத்திலும் வார்ப்பு வாய் திறப்பதில்லை. ஃபர்ம் பணத்தில் வாங்கி ஒருவர் பெயரில் பத்திரம் பதிந்த குடோன்கள் ஏராளம். மாறாகக் கருதச் சான்று இல்லாதபோது ஃபர்ம் பணத்தில் வாங்கியது ஃபர்ம் சொத்து என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் பட்டாவும் பத்திரமும் இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுகள் குடும்பச் சொத்தாகத்தான் பார்ப்பார்கள். சர்வே எண்ணோடு அட்டவணை போட்டு ‘இது ஃபர்ம் சொத்து’ அல்லது ‘இது இன்னாருடைய சொந்தச் சொத்து, ஃபர்ம் வாடகைக்கு இருக்கிறது’ என்று எழுதினால் தீர்ந்தது.

பேங்க் பக்கமும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஓவர்டிராஃப்ட் கணக்கில் பங்குதாரர் இறந்ததாகத் தெரிந்ததும் பேங்க் கணக்கை நிறுத்துவது கொடுமைக்காக இல்லை. தொடர்ந்து பணம் போட்டு எடுத்தால், போடும் பணம் பழைய கடனை முதலில் அடைத்துவிடும். இறந்தவர் சொத்தின் மேல் பேங்குக்குள்ள பிடி நழுவிவிடும். எனவே புதுப் பத்திரம், புதுக் கையெழுத்து, புது ஜாமீன் கேட்பார்கள். ஒரு மாதச் செலவுக்காவது ஓவர்டிராஃப்ட் இல்லாத தனிக் கணக்கு இருந்தால் கூலிக்குத் திண்டாட வேண்டாம். இன்னொன்று: இறந்தபின் ஃபர்ம் செய்யும் புதுக் கடனுக்கு இறந்தவர் சொத்து பொறுப்பல்ல என்று 35-ஆவது பிரிவில் இருக்கிறது. கூட்டில் சேராத வாரிசை அந்தப் பொறுப்புக்கு இழுக்க முடியாது என்று 2024-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயந்து எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

‘நோட்டரி போட்டாச்சு, ரிஜிஸ்டர் ஆயிடுச்சு’ என்று கடையில் சொல்வது அடுத்த குழப்பம். நோட்டரி முத்திரை வேறு, ஃபர்ம் பதிவு வேறு. ஃபர்ம் பதிவு மாவட்டப் பதிவாளரிடம். பதிவுத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பதியாத ஃபர்ம், பாக்கி வைத்தவர்கள்மேல் ஒப்பந்த அடிப்படையில் வழக்குப் போட 69-ஆவது பிரிவு தடை. வழக்குப் போட்டபின் ஓடிப்போய்ப் பதிந்தாலும் அந்த வழக்கு பிழைக்காது. ஆனால் கலைந்த ஃபர்மின் கணக்குக் கேட்கும் வாரிசுக்கு இந்தத் தடை இல்லை. பதியாமல் இருந்தால் மிஞ்சிய பங்குதாரருக்குத்தான் கை கட்டு. பதிந்திருந்தாலும், புதிதாகச் சேர்ந்த வாரிசின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டால் அடுத்த வசூல் வழக்கில் அதுவே ஆட்சேபணையாக வரும்.

தகராறு தீர்க்கும் பிரிவில், ‘மூத்த பங்குதாரர் சொல்வதே முடிவு’, ‘ஃபர்மின் ஆடிட்டரே மத்தியஸ்தர்’ என்று எழுதும் வழக்கத்தை விட வேண்டும். தகராறில் சம்பந்தப்பட்டவரோ, ஒரு தரப்புக்கு வேலை செய்பவரோ நடுவராக இருக்க 2015 திருத்தத்துக்குப் பின் சட்டம் இடம் தருவதில்லை. நடுவர் ஒப்பந்தம் மரணத்தோடு முடிவதில்லை. வாரிசும் அதைப் பயன்படுத்தலாம் என்பது 2007-இல் ரவி பிரகாஷ் கோயல் வழக்கிலேயே தீர்ந்தது. நல்ல நடுவர் பிரிவு இருந்தால் டேனரியோ துணிக்கடையோ பூட்டாமல் பிழைக்கும். அது இல்லாவிட்டால், 3 லட்சத்துக்குக் குறையாத பார்ட்னர்ஷிப் தகராறு வணிகத் தகராறாக வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசர இடைக்கால உத்தரவு தேவையில்லாத வழக்கில் முதலில் சமரசப் பேச்சு கட்டாயம். பிறகு முதல்நிலைத் தீர்ப்பாணை, கணக்கு எடுக்க ஆணையர், இறுதித் தீர்ப்பாணை என்று வருடக் கணக்கில் நீளும்.

வார்ப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மற்றப் பக்கங்களை வைத்துக்கொண்டு அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்:

‘பங்குதாரர் ஒருவர் இறந்து, குறைந்தது இருவர் மிஞ்சியிருந்தால் கூட்டு கலையாது. இறந்த 15 நாளுக்குள் இரு தரப்பு ஆட்கள் முன்னிலையில் சரக்கு எண்ணிக் கையெழுத்திட வேண்டும். நிலம், கட்டடத்தை இறந்த தேதிச் சந்தை விலைக்கு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பீட்டாளர் மதிப்பிட வேண்டும். நற்பெயருக்கு முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் ஒரு வருட அளவு சேர்க்க வேண்டும். வாரிசுகள் 60 நாளுக்குள் தங்களில் ஒருவரை எழுத்தில் குறிப்பிட்டால் அவரை அதே பங்குக்குச் சேர்க்க வேண்டும்; குறிப்பிடாவிட்டால் பங்குத் தொகையை ஆறு காலாண்டுத் தவணையில், 9 சதவீத வட்டியோடு கொடுக்க வேண்டும்.’

நாள், தவணை, வட்டி, நற்பெயர்க் கணக்கு எல்லாம் அவரவர் பேசி முடிவு செய்வது. ஒன்று மட்டும் கவனம்: மிஞ்சியவர்கள் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமையை எழுதினால் எழுதிய நாளையும் தவணையையும் அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். முக்கிய நிபந்தனையில் தவறினால் 37-ஆவது பிரிவுக் கணக்கு மறுபடி தலைதூக்கும்.

இதற்குப் பதில் எல்எல்பி (பங்குதாரர் பொறுப்புக்கு வரம்புள்ள, தனியாகப் பதிவாகும் கூட்டு) பரவாயில்லையா என்று கேட்பவர்களுக்கு: 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்குதாரர் இறந்தாலும் எல்எல்பி நிற்கும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் இறந்தவரின் முதலும் சேர்ந்த லாபமும் வாரிசுக்கு வரும், நிர்வாகத்தில் தலையிட உரிமை வராது. ஒருவர் மட்டும் மிஞ்சினால் இன்னொருவரைச் சேர்க்க ஆறு மாதம் அவகாசம் உண்டு. வருடாந்தரத் தாக்கல் செலவு கூடுதல். இருவர் மட்டும் நடத்தும், பெரிய சொத்துள்ள தொழிலுக்கு அது மேல். பஜார் கடைக்கு, திருத்திய பார்ட்னர்ஷிப் பத்திரம் போதும்.

கடைசியாகப் பத்திரத்தின் பிரதி. கடைக்காரர் ஒரே ஒரிஜினல்தான் போட்டுத் தருவார். அது கடைப் பெட்டியில் இருக்கும், பெட்டிச் சாவி மிஞ்சியவரிடம் இருக்கும். பங்குதாரர் எத்தனை பேரோ அத்தனை கையெழுத்துப் பிரதி போட்டு, வீட்டுக்கு ஒன்று போக வேண்டும். ஏற்கெனவே அப்படிச் செய்யாத குடும்பம், ஃபர்ம் பதிவானதாக இருந்தால், கட்டணம் கட்டி மாவட்டப் பதிவாளர் அலுவலகப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிட்ட நகல் வாங்கலாம். இறந்தவர் எந்தத் தேதியிலிருந்து பங்குதாரர், கூட இருந்தவர்கள் யார் யார் என்பது அதில் இருக்கும்.